பூம்புகாரில் பார்க்க உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா?

பழைய நகரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் மீனவ ஊர் என்கிறார்களே, போனால் இடிபாடு கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியும். ஆனால் எல்லோரும் முதலில் போய் நிற்கும் இடத்தில் இல்லை.

நானும் முதல் தடவை ஏமாந்துதான் ஊர் திரும்ப இருந்தேன். சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைச் சுற்றி முடித்தேன். அழகுதான், ஆனால் 1973இல் கட்டியது. அப்புறம் கடலோரத்தில் வலை சீர்செய்துகொண்டிருந்த பெரியவரிடம், "மூழ்கின ஊர் எந்தப் பக்கம் ஐயா?" என்று கேட்டேன். கடலைக் காட்டுவார் என்று பார்த்தால், "இங்க தண்ணிதான் தம்பி இருக்கு, கீழையூருக்குப் போங்க" என்று ஊர்ப்பக்கம் கையைக் காட்டினார்.

கீழையூரில் இருப்பது ஒரு செங்கல் படகுத்துறை. 1960களில் தோண்டி எடுத்தது. இன்றைய செங்கல்லைவிட நன்றாகப் பெரிய செங்கற்கள். படகு கட்ட நட்டிருந்த மரத்தூணும் அங்கே கிடைத்தது. அந்த மரத்தை வைத்துத்தான் துறைக்கு ஏறக்குறைய கி.மு. 3ஆம் நூற்றாண்டு என்று காலம் சொன்னார்கள். இப்போது துறை இருக்கிறது, ஆறு இல்லை. காவிரி தடம் மாறிப் போய்விட்டது. அதே வட்டாரத்தில் உள்ள பல்லவனீச்சுரத்தில் புத்த விகாரையின் அடித்தளமும் உண்டு.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது உறைகிணறு. சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக் கட்டுவது. பூம்புகார்க் கரையில் அலை வந்து போகும் இடத்திலேயே இவை வெளிப்பட்டிருக்கின்றன. உப்புத் தண்ணீருக்கு யாராவது கிணறு வெட்டுவார்களா? அப்படியென்றால் அந்த இடம் ஒரு காலத்தில் தரை, பக்கத்தில் குடியிருப்பு. இந்த ஊரைப் பாடும் பட்டினப்பாலையில் 'உறைக்கிணற்றுப் புறச்சேரி' என்றே வருகிறது. பன்றியும் கோழியும் திரியும் சேரி. பாட்டில் இருந்த கிணறு மண்ணிலும் இருந்திருக்கிறது!

கரையிலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் குதிரைலாட வடிவத்தைப் பற்றி வீடியோக்களில் நிறையப் பேசுகிறார்கள். அது மனிதர் கட்டியதா, இயற்கையா என்பதே இன்னும் சண்டையில் இருக்கிறது. அதை நம்பிப் போகாதீர்கள்.

போவதானால் சீர்காழியிலிருந்து காலையிலேயே கிளம்புங்கள். கீழையூரை முதலில் பாருங்கள். கடல் எங்கேயும் போகாது. சரி, இந்த ஊரில் அதை அப்படிச் சொல்லக்கூடாதுதான், கொஞ்சம் உள்ளே வரும்.