6 பெட்டியில் ஒன்று வரவில்லை, ஒன்று உடைந்திருக்கிறது: லாரி ஆபீஸிடம் என்ன கேட்கலாம்?

கேள்வி: மயிலாடுதுறையில் வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்திருக்கிறேன். கோவையிலிருந்து 5 லிட்டர் டில்டிங் கிரைண்டர் 6 பெட்டி, பார்சல் சர்வீஸில் 'டூ-பே'யாக (வாடகையைப் பெறுபவர் கட்டும் முறை) வந்தது. மொத்த வாடகை ரூ.1,200. ஒரு கிரைண்டர் ரூ.14,000. இறக்கியது 5 பெட்டிதான். "மீதி நாளைக்கு வந்துடும்" என்றார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டேன். மறுநாள் பிரித்ததில் ஒன்றின் கல் உடைந்திருந்தது. மூன்று வாரமாக அலைகிறேன். "ஓனர்ஸ் ரிஸ்க் (நஷ்டம் சரக்கு உரிமையாளர் பொறுப்பு) புக்கிங், கையெழுத்தும் போட்டாச்சு, ஒண்ணும் பண்ண முடியாது" என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மையில்லை. இதற்கென்றே 2007ஆம் ஆண்டின் சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது. சரக்கு தொலைந்தாலோ உடைந்தாலோ, அது லாரிக்காரரின் கவனக்குறைவால்தான் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை என்கிறது அதன் 12ஆவது பிரிவு. இயற்கைச் சீற்றம், கலவரம் போன்ற காரணங்களைச் சொல்லித் தப்ப வேண்டுமானால் அதை அவர்கள்தான் காட்ட வேண்டும். எல்.ஆர். எனப்படும் லாரி ரசீதில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று அச்சடித்திருப்பதால் மட்டும் அந்தப் பொறுப்பு போய்விடாது. பலரைத் திருப்பி அனுப்ப அந்த ஒரு வரி போதுமானதாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கையெழுத்து விஷயம் வேறு. குறிப்பு எதுவும் எழுதாமல் கையெழுத்துப் போட்டதால் உங்கள் உரிமை போகவில்லை, ஆனால் சாட்சி பலவீனமாகிவிட்டது. ரசீது '6 பெட்டியும் நல்ல நிலையில் பெறப்பட்டது' என்று சொல்கிறது. அதற்கு எதிரான ஆதாரத்தை இனி நீங்கள் சேர்க்க வேண்டும். முதல் வேலையாக, இன்றே அந்தக் கிளையின் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் எல்.ஆர். எண்ணைப் போட்டு, "5 பெட்டி வந்தது, பாக்கி 1 எப்போது வரும்?" என்று மட்டும் கேளுங்கள். சண்டை வேண்டாம். "பார்க்கிறோம் சார்" என்று பதில் வந்தால்கூட, ஒன்று குறைந்ததை அவர்கள் மறுக்கவில்லை என்பதற்கு எழுத்து கிடைத்துவிடும். கடையில் கேமரா இருந்தால், பெட்டி இறங்கிய நாளின் பதிவு அழிவதற்குள் எடுத்து வையுங்கள்.

வராத பெட்டி திருடுபோனதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இடைவழி கோடவுனில் லாரி மாறும்போது லேபிள் கிழிந்த பெட்டி வேறு ஊர் லோடில் ஏறிவிடும், அல்லது உரிமையாளர் தெரியாத சரக்கோடு மூலையில் கிடக்கும். எந்தக் கிளையில் எத்தனை உருப்படி ஏறியது, இறங்கியது என்ற கணக்கு அவர்களிடம் இருக்கும். அதைப் பார்த்து, கிடைக்காவிட்டால் 'ஷார்ட் சர்ட்டிபிகேட்' (இத்தனை பெட்டி குறைவு என்ற சான்று) தரும்படி எழுத்தில் கேளுங்கள்.

உடைந்த கிரைண்டரைப் பழுது பார்க்காதீர்கள், கல்லின் துண்டையும் அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் தூக்கிப் போடாதீர்கள். பெட்டியின் ஆறு பக்கமும், லேபிளும், அடிபட்ட இடமும் தெரியப் படம் எடுங்கள். வெளிப்பெட்டி நசுங்காமல் உள்ளே கல் மட்டும் உடைந்திருந்தால், "பேக்கிங் சரியில்லை" என்று பழியை கிரைண்டர் கம்பெனி மேல் போடுவார்கள். அதற்குப் பதில் சொல்ல அந்தத் தெர்மோகோல்தான் உதவும். டிரம் ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா, டில்டிங் ஃபிரேம் நெளிந்திருக்கிறதா என்றும் பார்த்து, தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டரில் எழுத்தாக மதிப்பீடு வாங்குங்கள்.

இனி கெடு. சரக்கு புக் ஆன நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்துப்பூர்வ நோட்டீஸ் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழக்கே போட முடியாது (பிரிவு 16). கணக்கு டெலிவரி நாளிலிருந்து அல்ல, புக்கிங் நாளிலிருந்து. 'அடுத்த வாரம் வாங்க' என்று இழுத்தடிப்பவர்களிடம் பலர் தோற்பது இங்கேதான். நோட்டீஸில் எல்.ஆர். எண், தேதி, பெட்டி எண்ணிக்கை, இன்வாய்ஸ் எண், குறைவும் சேதமும், கேட்கும் தொகை, 15 நாள் அவகாசம் எல்லாம் இருக்கட்டும். தலைமை அலுவலகத்துக்கும் டெலிவரி கிளைக்கும் தனித்தனியாக, சேர்ந்ததற்கான அத்தாட்சி கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். கடைக்கு டிரான்ஸிட் இன்ஷூரன்ஸ் (வழியில் சரக்குக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு) இருந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் உடனே தெரிவியுங்கள். அவர்கள் சம்மதமில்லாமல் லாரி ஆபீஸ் நீட்டும் 'முழுத் தீர்வு' தாளில் கையெழுத்துப் போட வேண்டாம்.

எவ்வளவு கிடைக்கும்? கசப்பான பகுதி இதுதான். கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டி புக் செய்யாவிட்டால், பொறுப்பு வாடகையின் 10 மடங்கோடு நின்றுவிடும், புக் செய்யும்போது அறிவித்த சரக்கு மதிப்பைத் தாண்டவும் தாண்டாது. உங்களுக்கு 1,200 x 10 = ரூ.12,000. தொலைந்த ஒரு கிரைண்டருக்கே போதாது. 'ஒரு பெட்டி வாடகை 200, அதனால் 2,000' என்று அவர்கள் குறைக்கப் பார்க்கலாம். விதி சொல்வது சரக்குக்கான வாடகையை, எனவே மொத்த வாடகையை வைத்தே கேளுங்கள். தொலைந்த பொருளுக்கு எடுத்த ஜி.எஸ்.டி. இன்புட் கிரெடிட்டை (வாங்கும்போது கட்டிய வரிக்கான கழிவை) திருப்ப வேண்டியிருக்கும், அதனால் வரியும் சேர்ந்த விலையைக் குறிப்பிடுங்கள்.

மீதி நஷ்டத்துக்கு கோவை கம்பெனியிடம் பேசிப் பாருங்கள். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39ஆவது பிரிவுப்படி, வாங்குபவர் சார்பில் நியாயமான நிபந்தனைகளோடு புக் செய்வது விற்பவரின் கடமை. மதிப்பைப் போடாமலோ குறைத்துப் போட்டோ அனுப்பியிருந்தால் அதைச் சுட்டிக்காட்டலாம்.

பணம் வரவில்லையென்றால், வீட்டுக்குப் பொருள் வாங்கியவர் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணையும், 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். உங்களுடையது மறுவிற்பனைச் சரக்கு, 'வணிக நோக்கம்' என்ற ஆட்சேபம் வரும். பிழைப்புக்காகத் தானே நடத்தும் சிறு கடை என்று வாதிட இடமுண்டு. அது எடுபடாவிட்டால் சிவில் கோர்ட், அங்கே கெடு 3 ஆண்டு.

அடுத்த லோடு வரும்போது, லோடுமேன் அவசரப்படுத்தினாலும் எண்ணி முடிக்காமல் பேனாவை எடுக்காதீர்கள். டேப் நிறம் மாறி ஒட்டியிருக்கிறதா, அடிப்பக்கம் கிழித்து ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமான பெட்டியை எடை போட்டு, ஒரே மாதிரி இன்னொரு பெட்டியோடு ஒப்பிடுங்கள். குறை இருந்தால் மொத்தச் சரக்கையும் மறுக்க வேண்டாம், கோடவுன் வாடகை ஏறும். நல்லதை எடுத்துக்கொண்டு, லாரி ஆபீஸ் வைத்திருக்கும் ரசீதுப் பிரதியிலேயே இப்படி எழுதிவிட்டு அதைப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்: "6இல் 5 மட்டும் பெறப்பட்டது. 1 குறைவு. 3ஆம் எண் பெட்டி ஒரு மூலை நசுங்கி, டேப் பிரிந்திருந்தது." கீழே தேதி, நேரம், வண்டி எண், டிரைவர் கையெழுத்து.