பள்ளிக் கூட்டத்துக்கு நீங்களே போங்கள்

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறோம். கடை கண்ணிக்குப் போய்ப் போய் ஹிந்தியும் மராத்தியும் வந்துவிட்டன. இங்கிலீஷில்தான் தடுமாற்றம். மகளின் ஆசிரியையிடம் 'யூ ஆர் ஸோ குட் டீச்சர்' என்றேன். ஒன்பதாவது படிக்கும் மகள் அங்கேயே சிரித்துவிட்டாள். இப்போதெல்லாம் பள்ளிக் கூட்டத்துக்கு என் கணவர் மட்டும் போகிறார். ஸோ, வெரி, எனஃப் எல்லாம் எங்கே வரவேண்டும்?

பதில்: 'ஸோ குட்' என்று சொன்னால் அதோடு நிறுத்திவிட வேண்டும்: 'தி டீச்சர் இஸ் ஸோ குட்'. பின்னால் 'டீச்சர்' என்ற பெயர்ச்சொல்லும் வந்தால் 'ஸச் எ குட் டீச்சர்'. 'வெரி' அந்த 'எ'வுக்குப் பின்னால் வரும்: 'எ வெரி குட் டீச்சர்'. 'க்வைட்' பெரும்பாலும் முன்னால்: 'க்வைட் எ குட் டீச்சர்'. 'எனஃப்'தான் பலரையும் குழப்புகிறது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும், 'எனஃப் டைம்'. 'குட்' போன்ற சொல்லுக்குப் பின்னால் போய்விடும், 'குட் எனஃப்'. நம் 'ரொம்ப' எப்போதும் முன்னாலேயே நிற்பது, 'எ' என்று ஒன்று நமக்குக் கிடையாது. அதனால் வரும் தடுமாற்றம் இது. தினமும் வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் போய்விடும்.

சரி, 'கணவர் மட்டும் போகிறார்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்களே, அதற்கு வருகிறேன். ஹிந்தியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பாலா பெண்பாலா என்று பார்க்க வேண்டும். மராத்தியில் மூன்று பால். அதிலெல்லாம் தப்பாகப் பேசித்தானே கற்றுக்கொண்டீர்கள்? காய்கறிக்காரர் முன்னால் வராத வெட்கம், பெற்ற பெண்ணின் படிப்பைப் பற்றிக் கேட்க மட்டும் ஏன் வந்தது? ஒரு சிரிப்புக்காகத் தாயின் இடத்தைக் காலி செய்தது பெரிய தவறு. இங்கிலீஷ் பிழையெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மகளைக் கண்டிக்காமல் விட்டதும் தப்பு. வெளியாள் முன்னால் அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளையை அன்றைக்கே உட்காரவைத்துக் கேட்டிருக்க வேண்டும். உங்கள் கணவர் அதைச் செய்யவில்லை. உங்களை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினார். அவர் மேல் எனக்குக் கோபம்தான். மனைவியைக் கையோடு கூட்டிக்கொண்டு போவது அவர் கடமை.

அடுத்த கூட்டத்துக்கு மூன்று பேரும் போங்கள். பேச்சை நீங்கள் ஆரம்பியுங்கள். இங்கிலீஷ் நின்றுவிட்டால் ஹிந்தியில் தொடருங்கள், மும்பையில் எந்த ஆசிரியைக்கும் அது புரியும். மகள் எந்தப் பாடத்தில் பின்தங்கியிருக்கிறாள் என்று நீங்கள் கேளுங்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கட்டும்.