உலாவியை எழுப்பாமலே விலை வருமா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அப்பா செம்பனைக் குலை வாங்கிப் பாமாயில் ஆலைக்கு அனுப்புகிறார். ஒரு வலைப்பக்கத்தில் வரும் அன்றைய விலையைக் காலையில் கடைப் பலகையில் எழுதுவோம். பைத்தானில், பக்கத்தை வாங்கித் தரும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தை வைத்து எடுத்தால் அட்டவணை காலியாக வருகிறது. உலாவியையே நிரலால் இயக்கும் செலினியத்தில் வருகிறது, ஆனால் 4 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினி திணறுகிறது. கடைக் கணக்கும் அதில்தான். இலேசான கருவி ஏதாவது உண்டா?

பதில்: கருவியைத் தேடுமுன் அட்டவணை ஏன் காலி என்று பார்த்துவிடுவோம், தங்கச்சி. சர்வர் முதலில் அனுப்புவது தலைப்பு வரிசை மட்டும் உள்ள வெறும் சட்டகம். பக்கம் வந்து சேர்ந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் இன்னொரு கோரிக்கை அனுப்பித்தான் விலையை வாங்கி வந்து நிரப்புகிறது. ரிக்வெஸ்ட்ஸுக்கு ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டத் தெரியாது. செலினியமோ ஒற்றை எண்ணுக்காக முழு குரோமையும் எழுப்புகிறது. அந்த இரண்டாவது கோரிக்கையை நீங்களே நேராக அனுப்பினால் உலாவியே வேண்டாம்.

குரோமில் பக்கத்தைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள். நெட்வொர்க் பகுதியில், பக்கம் பின்னணியில் அனுப்பும் கோரிக்கைகளைக் காட்டும் ஃபெட்ச்/எக்ஸ்எச்ஆர் என்பதைத் தேர்ந்து, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். வரும் கோரிக்கைகளை ஒவ்வொன்றாகத் தட்டி, ரெஸ்பான்ஸில் இன்று பலகையில் எழுதிய அதே எண் இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்ததும் அந்த வரியில் வலது கிளிக் செய்து, காப்பி ஆஸ் கர்ல் (கோரிக்கையைக் கட்டளையாக நகலெடுப்பது) கொடுத்து, டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் ஒட்டிப் பாருங்கள். ஜேசன் என்ற தரவு வடிவில் விலை கொட்டினால் வேலை முக்கால்வாசி முடிந்தது. கூடவே வரும் ஹெடர்களை, அதாவது கோரிக்கையோடு போகும் கூடுதல் குறிப்புகளை, ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஓட்டுங்கள். இல்லாமல் முடியாது என்பதை மட்டும் ரிக்வெஸ்ட்ஸில் சேருங்கள். குக்கீ (தளம் உங்களை அடையாளம் காண வைக்கும் சிறு குறிப்பு) கேட்டால், அதை நினைவில் வைக்கும் செஷன் ஒன்றைத் திறந்து முதலில் முகப்பை எடுத்துவிட்டு அதே செஷனில் விலையைக் கேளுங்கள்.

அந்தப் பட்டியலில் ஒன்றுமே இல்லையென்றால் பக்கத்தின் மூலத்தை (சோர்ஸ்) திறந்து அதே எண்ணைத் தேடுங்கள். நெக்ஸ்ட்.ஜேஎஸ் போன்ற வலைத்தளம் கட்டும் கருவிகளில் கட்டிய பக்கங்களில் தரவு முழுவதும் ஒரு ஸ்கிரிப்ட் குறிக்குள்ளேயே ஜேசனாக உட்கார்ந்திருப்பதுண்டு.

இரண்டும் இல்லாதபோதுதான் உலாவி. அப்போதும் முழு குரோம் வேண்டாம். ஹெட்லெஸ் ஷெல் என்று திரையில்லாத சிறிய குரோம் தனியாகவே கிடைக்கிறது. டம்ப்-டாம் என்ற தெரிவோடு அதை ஓட்டினால், ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகான பக்கத்தை அச்சிட்டுவிட்டு மூடிக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஒரு தடவை என்றால் இதுவே போதும். பொத்தான் அழுத்த வேண்டும், தேதி தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் உலாவியை நிரலால் இயக்கும் பிளேரைட் எடுங்கள். நிறுவும்போது ஒன்லி-ஷெல் என்று சொன்னால் அந்தச் சிறிய வடிவம் மட்டும் இறங்கும். படம், எழுத்துரு, காணொளி மூன்றையும், கோரிக்கைகளை இடைமறிக்கும் ரூட் வசதியில் தடுத்துவிடுங்கள். பழைய கணினிக்கு அதுவே பெரிய நிம்மதி. ஐந்து விநாடி தூங்கச் சொல்லாமல், விலை வரிசை தோன்றும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் இணைப்பு இழுக்கும்போது வித்தியாசம் தெரியும்.

திரையில்லாத பழைய உலாவியான ஃபேண்டம்ஜேஎஸ்ஸைச் சிலர் இன்னும் பரிந்துரைப்பார்கள். அதன் மேம்பாடு 2018-இலேயே நின்றுவிட்டது, தொடாதீர்கள். ஸிக் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டுவரும் லைட்பாண்டா என்ற உலாவி, பக்கத்தை வரையாமல் ஸ்கிரிப்ட்டை மட்டும் ஓட்டுகிறது, நினைவகமும் குறைவாகவே எடுக்கும். எல்லாப் பக்கமும் அதில் ஓடாது என்பதால் கடைப் பலகைக்கு இப்போதைக்கு அதை நம்பமாட்டேன்.

தேதியில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். ஜேசனில் நேரம் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். மலேசியா அதைவிட 8 மணி நேரம் முன்னே. நமக்கு 12-ஆம் தேதி பிறக்கும் நள்ளிரவு, யூடிசியில் 11-ஆம் தேதி 16:00. மாற்றாமல் படித்தால் இன்றைய விலைக்கு நேற்றைய தேதி விழும். விலையை எடுக்கும்போதும் மூன்றாவது வரிசை என்று எண்ணிக்கையால் எடுக்காமல், வட்டாரத்தின் பெயரைப் பார்த்து எடுங்கள். நடுவில் ஒரு வரிசை கூடினாலும் பக்கத்து வட்டாரத்து விலை உங்கள் பலகையில் ஏறிவிடும். அதை நம்பித்தான் இரண்டு ஏக்கர்க்காரர் குலையை வெட்டி லாரியில் ஏற்றுகிறார்.

தளத்தின் விதிகளையும், நிரல்கள் எதையெல்லாம் எடுக்கலாம் என்று தளம் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பையும் ஒருமுறை படித்துவிடுங்கள். காலையில் ஒரு கோரிக்கை போதும். வந்த தேதி இன்றையதாக இல்லையென்றால் பழைய விலையைக் காட்டாமல் நிரல் நின்றுவிட வேண்டும். அன்றைக்கு மட்டும் அப்பாவை ஆலைக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள்.