புரவலரும் புதியவரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வானம் பார்ப்பவர்களின் சிறு குழு ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். செலவில் பெரும்பகுதியை ஆரம்பத்திலிருந்தே ஒரு மூத்த உறுப்பினர்தான் பார்த்துக்கொள்கிறார். கையால் தள்ளித் திருப்பும் பெரிய டாப்சோனியன் தொலைநோக்கி அவருடையது. அதை வைத்திருக்கும் அறையின் வாடகையும் அவர் கையிலிருந்துதான் போகிறது. இப்போது அவருக்கு வயதாகிவிட்டது, ‘எத்தனை நாளைக்கு நானே?’ என்கிறார். நியாயம்தான். சந்தாவை உயர்த்தலாம் என்கிறார்கள் சிலர். நுழைவுக் கட்டணம் வைக்கலாம், நிறுவனங்களிடம் கேட்கலாம் என்றும் பேச்சு இருக்கிறது.

இன்னொரு கவலையும் உண்டு. கிரகணம், வால்நட்சத்திரம் என்றால் கூட்டம் வருகிறது. அடுத்த மாதம் அவர்களில் ஒருவரும் இல்லை. வருபவர்களும் ‘நிலாவில் நட்ட கொடி தெரியுமா?’ என்றுதான் கேட்கிறார்கள். மூத்தவர்கள் சலித்துப்போய் ஒதுங்கிவிடுகிறார்கள். முதலில் பணப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டு, புதியவர்களைப் பற்றிப் பிறகு யோசிக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பிறகு யோசிக்க முடியாது. நீங்கள் சொல்லும் இரண்டும் எனக்கு ஒரே பிரச்சினையாகத்தான் படுகிறது. ஒருவரே செலவை ஏற்றுக்கொண்டதால், புதியவர் வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் குழு ஓடியது. வந்தவர் ஏன் திரும்பவில்லை என்று கேட்டுப் பார்க்கும் கட்டாயம் யாருக்கும் ஏற்படவில்லை. நல்ல மனதோடு செய்யப்பட்ட உதவிக்கும் இப்படி ஒரு பக்கவிளைவு உண்டு.

உங்கள் துறையிலேயே இதற்கு ஒரு பெரிய முன்கதை இருக்கிறது. ஒளி மாறும் விண்மீன்களைக் கணிக்கும் அமெரிக்க ஆர்வலர்கள் 1911ல் தொடங்கிய சங்கம், சுருக்கமாக ஏஏவிஎஸ்ஓ. பல ஆண்டுகள் ஹார்வர்ட் வானாய்வகம்தான் அதற்கு இடமும் ஆதரவும் கொடுத்து வந்தது. 1950களில் ஹார்வர்ட் கையை விரித்துவிட்டது, இடத்தையும் காலி செய்ய வேண்டியதாயிற்று. இயக்குநராக இருந்த மார்கரெட் மேயால் உறுப்பினர்களிடமே நன்கொடை கேட்டுச் சங்கத்தைக் காப்பாற்றினார். இன்றும் அது இயங்குகிறது. உறுப்பினர்கள் ஏன் கொடுத்தார்கள்? என் ஊகம் இது: அவர்கள் அங்கே வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்ல. ஒவ்வொருவரும் தம் கண்ணால் கணித்த பிரகாச அளவுகளை அனுப்பிக்கொண்டிருந்தவர்கள். சங்கம் மூடப்பட்டால் அவர்களுடைய வேலையும் நின்றுபோகும்.

உங்கள் குழுவில் புதிதாக வருபவருக்கு என்ன வேலை இருக்கிறது? நான் பார்த்த பல குழுக்களில் எதுவும் இல்லை. இருட்டில் வரிசையின் கடைசியில் நிற்பார். முன்னால் நாலு பேர் ஐபீஸ், பார்லோ, எஃப் எண் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அவர் முறை வரும். டாப்சோனியனில் மோட்டார் கிடையாது. பூமி சுழல்கிறது, உயர்ந்த உருப்பெருக்கத்தில் நடுவில் வைத்த சனி அரை நிமிடத்தில் பார்வையை விட்டு நழுவிவிடும். முந்தையவர் ஆசை தீரப் பார்த்துவிட்டு விலகும்போது சனி போயிருக்கும். புதியவர் கண்ணை வைக்கிறார். கறுப்பு. தன் கண்ணில்தான் கோளாறோ என்ற சந்தேகம், பின்னால் வரிசை வேறு. ‘தெரியுதா?’ என்று யாரோ கேட்க, ‘ஆங், தெரியுது’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அடுத்த மாதம் அவர் ஏன் வரப்போகிறார்?

கண்ணை வைக்கும் முன்பே குழாயை அவர் கையில் கொடுங்கள். எந்தப் பக்கம், எவ்வளவு மெதுவாகத் தள்ள வேண்டும் என்று காட்டுங்கள். நழுவிய சனியைத் தானே பிடித்து நடுவில் நிறுத்தியவர், அடுத்தவருக்கும் அதைச் சொல்லிக்கொடுப்பார். இதற்கு ஒரு காசு செலவில்லை. தொலைநோக்கியே தேவைப்படாத வேலையும் இருக்கிறது. திருவாதிரை இன்றைக்கு ரோகிணியைவிடப் பிரகாசமா, மங்கலா என்று வெறும் கண்ணால் பார்த்துத் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். 2019 இறுதியில் திருவாதிரை மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் அதே ஓரியன் கூட்டத்தின் பெல்லாட்ரிக்ஸ் அளவுக்கு இறங்கியது நினைவிருக்கும். அதற்கு முன்பிருந்தே எழுதி வைத்தவர்களுக்குத்தான் அது வெறும் செய்தியாக இல்லாமல் சொந்த அனுபவமாக இருந்தது.

கொடிக் கேள்விக்கு வருகிறேன். இதில் உங்கள் மூத்தவர்கள் பக்கம் நான் இல்லை. அது அருமையான கேள்வி. ஒன்றரை மீட்டர் அகலத் துணியைச் சுமார் 3,84,000 கிலோமீட்டர் தூரத்திலிருந்து பிரித்தறிய, நூறு மீட்டருக்கும் மேல் குறுக்களவுள்ள கண்ணாடி வேண்டும். இன்று இயங்கும் மிகப் பெரிய ஒளியியல் தொலைநோக்கிகளில் ஒன்றான கேனரித் தீவுத் தொலைநோக்கிக்கே 10.4 மீட்டர்தான். பிரிதிறன், அதாவது நுண்ணிய விவரத்தைப் பிரித்துக் காட்டும் திறன் என்பதை இதைவிட எளிதாக எங்கிருந்து ஆரம்பிப்பீர்கள்? நூறாவது முறை பதில் சொல்கிறவருக்குத்தான் அது பழைய கேள்வி. சலிப்பு வந்துவிட்டவரை அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள். போன வருடம் சேர்ந்தவரை நிறுத்துங்கள். எது புரியாமல் இருந்தது என்பது அவருக்கு இன்னும் மறந்திருக்காது.

பணம். நுழைவுக் கட்டணம் வேண்டாம். உங்கள் டாப்சோனியனுக்குப் பெயர் தந்த ஜான் டாப்சனும் நண்பர்களும் 1968ல் சான்பிரான்சிஸ்கோவில் நடைபாதை வானியலாளர்கள் என்ற அமைப்பைத் தொடங்கி, தெருவில் போகிறவர்களை இலவசமாகத்தான் பார்க்கச் சொன்னார்கள். பிடிக்குமா பிடிக்காதா என்றே தெரியாதவரிடம் காசு கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. வெளியே போகும் வழியில் ஓர் உண்டியல் இருக்கட்டும், அதன் மேல் இந்தப் பணம் எதற்கு என்று எழுதியிருக்கட்டும். ‘கண்ணாடிக்கு மறுபடி அலுமினியப் பூச்சு போட வேண்டும்’ என்று எழுதினால் விழும், ‘குழு வளர்ச்சிக்கு’ என்று எழுதினால் விழாது.

சந்தா, தொடர்ந்து வருபவர்களிடம் வாங்க வேண்டியது. சிறியதாக இருக்கட்டும், ஆனால் எல்லோரும் கட்டட்டும். முடியாதவர் பொருளாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரணம் கேட்கக் கூடாது. கட்டியவருக்குக் கையில் ஏதாவது கிடைக்க வேண்டும் என்றால், சிறிய தொலைநோக்கி ஒன்றை வாங்கி முறைவைத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் வானியல் சங்கம் 2008லிருந்து பொது நூலகங்களில் தொலைநோக்கி வைத்துப் புத்தகம் போல இரவல் கொடுக்க ஏற்பாடு செய்து வருகிறது. உடைந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம். அலமாரியில் பூஞ்சை பிடித்தும்தான் வில்லைகள் கெடுகின்றன.

நிறுவனங்களிடம் கேட்பதென்றால் ஒரு தடவைச் செலவுக்கு மட்டும் கேளுங்கள். வாடகைக்கு அவர்களை நம்பினால் ஒரு புரவலரை விட்டு இன்னொரு புரவலரிடம் போனதாகத்தான் ஆகும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு காரியம் இருக்கிறது, கொஞ்சம் சங்கடமானது. அந்தப் பெரியவரோடு உட்கார்ந்து, அவர் இதுவரை கையிலிருந்து போட்டதை எல்லாம் வருடவாரியாக எழுதி வாங்குங்கள். அவருக்குக் கூச்சமாக இருக்கும், ‘அதெல்லாம் எதற்கு’ என்பார். விடாதீர்கள். குழுவின் உண்மையான செலவு என்ன என்பது இன்று அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். அந்தத் தாளை அடுத்த கூட்டத்தில் அவர் சம்மதத்தோடு எல்லோர் முன்னாலும் வைத்துவிட்டுப் பிறகு சந்தாவைப் பற்றிப் பேசுங்கள். தொலைநோக்கி குழுவுக்கா, அவர் வீட்டாருக்கா என்பதையும் அவர் நலமாக இருக்கும்போதே, அவர் வாயாலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டாருக்கு என்று அவர் சொன்னால் அதுவும் சரிதான். அதற்கு ஏற்றபடி இப்போதிருந்தே சேமிக்கத் தொடங்கலாம்.