பட்டன் அமுக்கியாச்சு, போய் சேர்ந்துச்சா? நம்பர் பேஜர் பத்தி வாசகர் கேள்விகள்

போன மாசம் பேஜர், அதாவது ரேடியோ சிக்னல் வந்தா நம்பர் காட்டுற சின்ன கருவி பத்தி ரெண்டு வரி எழுதிருந்தேன், அதுக்கு வடசென்னைலேர்ந்து மட்டும் இவ்ளோ கேள்வி வந்திருக்கு. எல்லாத்தையும் போட இடம் இல்ல, நிறைய பேருக்கு உதவுறத எடுத்து பதில் சொல்லிருக்கேன்.

திருவொற்றியூர் வாசகி: அண்ணா, எங்க மாமியாருக்கு பக்கவாதம் வந்து வலது கை வராது, பேச்சும் குழறுது. வீடு மாடியில, கீழ முன்பக்கம் எங்க தையல் கடை. நான் மெஷின்ல உக்காந்துட்டா அவங்க கூப்புடுறது காதுலயே விழல. நம்பர் காட்டுற வாட்ச் மாதிரி பேஜர் ஆன்லைன்ல பாத்தேன். வாங்கலாமா, எப்படி செட் பண்றது?

தாராளமா வாங்கலாம்மா. இதுக்கு சிம் கார்டு வேணாம், மாசா மாசம் ரீசார்ஜ் வேணாம், மேல பட்டன அமுக்குனா 433 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு சின்ன ரேடியோ சிக்னல் போகும், உங்க கையில இருக்கிற ரிசீவர் அதிர்ந்து நம்பர் காட்டும், அவ்ளோதான். வைப்ரேஷன் இருக்கிறதா பாத்து வாங்குங்க, மெஷின் ஓடுற சத்தத்துல வெறும் பீப் கேக்காது. நம்பரும் பெருசா தெரியணும்.

மொதல்ல ரிசீவர புல்லா சார்ஜ் போட்டுருங்க. மெனு பட்டன கொஞ்ச நேரம் அமுக்கி புடிச்சா செட்டிங்குக்குள்ள போகும், அங்க புது பட்டன சேக்குறதுக்கு ஒரு இடம் இருக்கும், அது எந்த நம்பர்ல இருக்குங்கிறது கம்பெனிக்கு கம்பெனி மாறும், அதனால டப்பாவோட வர்ற சின்ன பேப்பர தூக்கி போட்டுடாதீங்க, போட்டோ எடுத்து போன்லயும் வச்சுக்குங்க. அந்த இடத்துக்கு போய் 1ன்னு வச்சுட்டு, சேக்க வேண்டிய பட்டன ஒரு தடவ அமுக்குனா ரிசீவர் பீப் அடிச்சு ஏத்துக்கும், இனிமே அந்த பட்டன் 1. அதே போல அடுத்தது 2, அடுத்தது 3. மூணுக்கு மேல போகாதீங்க, படுத்திருக்கிறவங்களுக்கு நிறைய இருந்தா குழப்பம் தான். 1 தண்ணியோ சாப்பாடோ, 2 பாத்ரூம், 3 உடனே வா. 3ம் நம்பர் பட்டன் மேல சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி மத்த ரெண்டுலேர்ந்து கொஞ்சம் தள்ளி வைங்க, தூக்கத்துல கை பட்டு அடிக்கக்கூடாது. எல்லாமே அவங்க இடது கைக்கு எட்டுற பக்கம் இருக்கணும், கட்டில் கம்பியில கயிறு போட்டு கட்டிருங்க, கீழ விழுந்துச்சுன்னா அவங்களால எடுக்க முடியாது.

இப்போ நான் ரொம்ப முக்கியமா நினைக்கிற விஷயத்துக்கு வரேன். பேஜர் ஒரு வழிப்பாதை. அமுக்குனவங்களுக்கு அது போய் சேர்ந்துச்சா, யாராவது பாத்தாங்களான்னு தெரியவே தெரியாது. உங்களுக்கு நம்பர் வந்துரும், நீங்க கையில இருக்கிற தையல முடிச்சுட்டு ரெண்டு நிமிஷத்துல போவீங்க, ஆனா அந்த ரெண்டு நிமிஷமும் மாமியார் யாருக்கும் கேக்கலயோன்னு பயந்துட்டே கெடப்பாங்க, திரும்ப திரும்ப அமுக்குவாங்க, சில பேர் அழுதே போயிருவாங்க. அதனால கூடவே ஒரு சாதா ஒயர்லெஸ் காலிங் பெல்லும் வாங்கி தலைகீழா வைங்க, அதாவது பெல் அவங்க கட்டில் பக்கத்துல, பட்டன் உங்க தையல் மெஷின் மேல. கையில நம்பர் வந்த உடனே நீங்க அந்த பட்டன தட்டுனா மேல பெல் அடிக்கும், ஆங், பாத்துட்டா, வரான்னு அவங்களுக்கு புரிஞ்சிரும். பெல் அடிக்கலன்னா இன்னொரு தடவ அமுக்கணும்னு சொல்லி குடுங்க. இத எழுதி வச்சா போதாது, சும்மா இருக்கிற நேரத்துல தினமும் கொஞ்சம் பழக்கணும்.

டப்பால 200 மீட்டர் 300 மீட்டர்னு போட்டிருக்கிறது வெட்டவெளிக்கு. நடுவுல கான்கிரீட் தளம், பீரோ, பிரிட்ஜ், இரும்பு ஷட்டர்லாம் வந்தா சிக்னல் நல்லா அடி வாங்கும். ஒருத்தர மேல அமுக்க சொல்லி நீங்க கடைல நிக்கிற எடம், பாத்ரூம், வாசல், தண்ணி லாரி வந்தா போய் நிக்கிற எடம்னு எல்லா எடத்துலயும் நின்னு பாருங்க, கடை ஷட்டர பாதி இறக்கி விட்டும் ஒரு தடவ பாத்துருங்க. எங்கயாவது வரலன்னா ரிப்பீட்டர்னு ஒரு சின்ன பெட்டி வரும், அத மாடிப்படி கிட்ட மாட்டுனா சரியாயிரும். பட்டனுக்குள்ள பெரும்பாலும் 12 வோல்ட் 23ஏ பேட்டரி இருக்கும், அது தீர்றதுக்கு முன்னாடி தூரம் கம்மியாயிட்டே வரும், அதனால மாசம் 1ம் தேதி டெஸ்ட் பண்ற பழக்கம் வச்சுக்குங்க. வாய் கோணறது, கை கால் திடீர்னு விழுறது, பேச்சு இன்னும் மோசமாகுறதுன்னு ஏதாவது பாத்தீங்கன்னா ஒரு நிமிஷமும் யோசிக்காதீங்க, நேரா 108.

வியாசர்பாடி வாசகர்: அப்பாவோட பழைய மோட்டோரோலா நம்பர் பேஜர் பரண்ல கெடச்சுது சார். பேட்டரி போட்டா ஆன் ஆவுது, டைம் காட்டுது. இதுல மறுபடி மெசேஜ் வர வைக்க முடியுமா?

கம்பெனி சர்வீஸ் வழியா முடியாது தம்பி. இந்தியாவுல பேஜர் சர்வீஸ் 1995ல ஆரம்பிச்சு சில வருஷம் நல்லா ஓடுச்சு, அப்போ மொபைல்ல பேசுனா நிமிஷத்துக்கு 16 ரூபா வரைக்கும் ஆகும், வர்ற காலுக்கும் காசு, அதனால பேஜர்ல நம்பர் பாத்துட்டு பக்கத்து பிசிஓவுல ஒரு ரூபா காயின் போட்டு பேசுறது தான் லாபம். அப்புறம் மொபைல் ரேட் சரசரன்னு கொறஞ்சு, எஸ்எம்எஸ் வந்து, 2003ல இன்கமிங்கும் ப்ரீ ஆனதோட பேஜருக்கு வேலையே இல்லாம போச்சு, டவர்லாம் நிறுத்திட்டாங்க. உங்க பேஜர் நல்லா தான் இருக்கு, அது கேக்குற அலைவரிசைல பேசத்தான் ஆள் இல்ல.

ஆனா க்ளாக்கும் அலாரமும் அதுக்குள்ளயே ஓடும், வைப்ரேஷன் மோடுல போட்டு அப்பா மேசையில வைங்க. பேட்டரி எடத்துல வெள்ளையா பூத்திருந்துச்சுன்னா இயர் பட்ஸ்ல கொஞ்சமா வினிகர் தொட்டு தொடச்சு, நல்லா காய வச்சுட்டு புது ட்ரிபிள் ஏ பேட்டரி போடுங்க. உபயோகிக்காம வைக்கிறதா இருந்தா பேட்டரிய கழட்டிடுங்க.

எம்.சி. ரோடு ஜவுளிக்கடை வாசகர்: வெறும் நம்பர் தான் வரும்னா எப்படிங்க பேசிக்கிட்டாங்க? எங்க குடோன்ல போன் சிக்னல் சரியா கெடைக்கல, கடைலேர்ந்து பசங்கள கூப்புட நம்பர் பேஜர் செட்டே வைக்கலாம்னு பாக்குறேன்.

அந்த காலத்துல நம்பர் பேஜருக்கு மெசேஜ் அனுப்ப, போன்ல அந்த பேஜர் நம்பர் அடிச்சு, பீப் கேட்ட உடனே நம்ம நம்பர அடிச்சு, ஹாஷ் பட்டன அமுக்கி வச்சுரணும். அதுக்கு டோன் போன் வேணும், சுத்துற டயல் போன்ல வேல செய்யாது, பட்டன் போனா இருந்தாலும் அடியிலயோ சைடுலயோ இருக்கிற குட்டி சுவிட்ச பல்ஸ்லேர்ந்து டோனுக்கு தள்ளணும். நம்ம ஊர்ல நிறைய பேர் ஆபரேட்டருக்கு போன் பண்ணி சொல்லித்தான் அனுப்புனாங்க.

நம்பர் மட்டும் வந்ததால ஜனங்க குறியீடு கண்டுபுடிச்சாங்க. அமெரிக்காவுல 143ன்னா ஐ லவ் யூ, வார்த்தைக்கு எத்தன எழுத்தோ அது. 911ன்னு பின்னாடி சேத்தா உடனே கூப்புடு. ஜப்பான்ல ஸ்கூல் பொண்ணுங்க நம்பரோட உச்சரிப்ப வச்சே பேசுனாங்க, 0840ன்னா ஓஹாயோ, அதாவது காலை வணக்கம், 4649ன்னா யோரோஷிக்கு, நம்ம ஊர்ல கொஞ்சம் பாத்துக்குங்கன்னு சொல்ற அர்த்தத்துல வரும்.

உங்க குடோனுக்கு கீபேட் வச்ச செட் வாங்குங்க, ஒரு கீபேட், மூணு நாலு ரிசீவர். கோடு எல்லாம் ஒரே நீளத்துல இருக்கட்டும், மொத நம்பர் ஆளுக்கு, அடுத்த ரெண்டு நம்பர் வேலைக்கு. 2-15ன்னா ரெண்டாவது பையன், வேட்டி பண்டல் கொண்டா. 2-90ன்னா லாரி வந்துருச்சு, இறக்க வா. 999 மட்டும் எல்லாருக்கும் ஒரே அர்த்தம், எது கையில இருந்தாலும் போட்டுட்டு வெளிய வா, தீ புடிச்சா பயன்படும். துணி குடோன், இத கண்டிப்பா வைங்க, ஆனா தீக்கு இத மட்டும் நம்பாதீங்க, கையில அடிக்கிற மணியும் ஒன்னு தொங்கட்டும். கோடு பேப்பர ரெண்டு பக்கமும் ஒட்டணும், நிறைய எடத்துல கீபேட் பக்கத்துல மட்டும் ஒட்டிட்டு குடோன்ல ஒட்டாம விட்டுடுறாங்க, அப்புறம் பையன் 15ஆ 51ஆன்னு கேக்க மாடியேறி வருவான், செட் வாங்குனதுக்கு அர்த்தமே இல்லாம போயிரும்.

பெரம்பூர் கல்லூரி மாணவர்: ஒரே டவர்லேர்ந்து ஆயிரக்கணக்கான பேஜருக்கு சிக்னல் போவுதுன்னா, இது எனக்குன்னு பேஜருக்கு எப்படி தெரியும்? ஒரே ஒரு சின்ன பேட்டரில மாசக்கணக்கா எப்படி ஓடுது?

ரெண்டு கேள்விக்கும் விடை ஒன்னு தான், எனக்கு ரொம்ப புடிச்ச விஷயமும் இது தான். பெரும்பாலான பேஜர்ல ஓடுன முறைக்கு போக்சாக்னு பேரு, பிரிட்டிஷ் தபால் துறை கூட்டுன கமிட்டில உருவானது, வேகம் வினாடிக்கு 512, 1200, 2400 பிட் (பிட்னா 0 இல்லன்னா 1, ஒரு குறி). ஒவ்வொரு பேஜருக்கும் கேப்கோடுன்னு தனி நம்பர், பல பேஜர்ல பின்னாடி லேபிள்லயே இருக்கும். 21 பிட் நம்பர், அதனால 20 லட்சத்துக்கு மேல முகவரி கெடைக்கும்.

டவர் மொதல்ல 576 பிட்டாவது 1, 0, 1, 0ன்னு மாத்தி மாத்தி அனுப்பும், தூங்குற பேஜர் எல்லாம் முழிச்சுக்கும். அடுத்து எல்லாருக்கும் பொதுவான ஒரு அடையாள சொல் (சொல்லுன்னா இங்க பிட்டுங்க சேர்ந்த ஒரு கட்டு), அப்புறம் 8 கட்டம். உன் கேப்கோட 8ஆல வகுத்தா வர்ற மீதி தான் உன் கட்டம். 1234567ன்னா மீதி 7, அதனால அந்த பேஜர் 7ம் நம்பர் கட்டத்துல மட்டும் காது குடுக்கும், மத்த ஏழு கட்டத்துலயும் ரிசீவர அணைச்சுட்டு தூங்கும். ரேஷன் கடைல உன் கார்டுக்கு எந்த நாளோ அன்னிக்கு மட்டும் போய் நிக்கிறோமே, அப்படி. 512 பிட் வேகத்துல ஒரு கட்டம் வெறும் எட்டுல ஒரு பங்கு வினாடி. பேட்டரி ஏன் தீரலன்னு இப்போ புரிஞ்சிருக்கும். திரும்ப எதையும் அனுப்புறதில்லங்கிறதும் பெரிய காரணம், போனுக்கு சார்ஜ் போறதே டவரோட பேசிட்டே இருக்கிறதால தானே.

ஒவ்வொரு இலக்கத்துக்கும் 4 பிட், ஒரு சொல்லுல 5 இலக்கம் அடங்கும், 10 இலக்க போன் நம்பருக்கு ரெண்டே சொல்லு. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னாடி 10 பிட் பிழை திருத்தம் இருக்கு, வழியில ரெண்டு பிட் மாறி போனாலும் பேஜரே சரி பண்ணிக்கும்.

கொடுங்கையூர் வாசகர்: யூஎஸ்பில ஒரு குச்சி சொருகுனா கம்ப்யூட்டர்லயே பேஜர் மெசேஜ படிக்கலாம்னு நண்பன் சொல்றான். நாமளே அனுப்பவும் முடியுமா?

போக்சாக்ல பூட்டே கெடையாது, அதனால படிக்க முடியும்ங்கிறது உண்மை. ஆஸ்பத்திரில நோயாளி பேர், வியாதி எல்லாம் திறந்த வானத்துல போறது தப்புன்னு பல நாட்டுலயும் பேசிருக்காங்க. இன்னொருத்தர் மெசேஜ எடுத்து படிக்கிறது சட்டப்படியும் தப்பு, மனசாட்சிப்படியும் தப்பு, அத விட்டுடுங்க.

அனுப்பணும்னா ஹாம் ரேடியோ (தொழிலுக்கு இல்லாம ஆர்வத்துக்கு நடத்துற ரேடியோ) பரீட்சை எழுதி லைசன்ஸ் வாங்குங்க, நம்ம சென்னைல நிறைய ஹாம் ஆளுங்க இருக்காங்க. ஜெர்மனில ஆஹன் பல்கலைக்கழக ஹாம் குழு ஆரம்பிச்ச டாப்நெட்னு ஒரு அமெச்சூர் பேஜர் வலை இருக்கு, அது 439.9875 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுது. அங்க ஓடுறத பாத்துட்டு அப்படியே இங்க போட்டுடாதீங்க, நம்ம நாட்டுல ஹாமுக்கு அந்த பக்கம் குடுத்திருக்கிறது 434லேர்ந்து 438 வரைக்கும் தான்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்துலேர்ந்து ஒரு நர்சிங் மாணவி: வெளிநாட்டு ஆஸ்பத்திரில இன்னும் பேஜர் இருக்கா சார்?

இருக்கு மா. பிரிட்டன் அரசு ஆஸ்பத்திரிகள்ல மட்டும் 2019ல சுமார் 1,30,000 பேஜர் இருந்துச்சு, 2021 முடிவுக்குள்ள நிறுத்தணும்னு அப்போ அமைச்சர் சொன்னாரு. ஏன் விட மாட்டேங்கிறாங்கன்னா கனமான சுவரு, பேஸ்மென்ட், எக்ஸ்ரே ரூம்னு போன் திணர்ற எடத்துலயும் பேஜர் எடுக்கும், ஒரே சிக்னல்ல கார்டியாக் டீம் மொத்தத்தையும் கூப்புடலாம். கொற என்னன்னா மேல திருவொற்றியூர் தங்கச்சிக்கு சொன்னது தான், டாக்டர் பாத்தாரான்னு கூப்புட்ட நர்ஸுக்கு தெரியாது, போன் பக்கத்துலயே காத்துட்டு நிக்கணும்.

ராயபுரம் பிரியாணி கடை வாசகர்: பார்சலுக்கு நிக்கிறவங்க கையில குடுக்க பேஜர் வாங்கிருக்கேன். லெபனான்ல வெடிச்சத பாத்துட்டு வீட்ல பயப்படுறாங்க பாய், இது வெடிக்குமா?

பயப்படாதீங்க பாய். 2024 செப்டம்பர் 17ம் தேதி லெபனான்ல வெடிச்ச பேஜர்களுக்குள்ள முன்கூட்டியே வெடிமருந்து ஒளிச்சு வச்சிருந்தாங்க, பேஜரோ பேட்டரியோ தானா அப்படி வெடிக்கல. உங்க கடை பேஜர்ல சார்ஜ் ஏத்துற லித்தியம் பேட்டரி தான் இருக்கும், போனுக்கு பாக்குற ஜாக்கிரதை போதும், டப்பாவோட வந்த சார்ஜர்லயே போடுங்க, தேக்சா அடுப்பு பக்கத்துல சார்ஜர் ஸ்டாண்ட் வைக்காதீங்க, மூடி உப்பியிருந்தா அத உடனே எடுத்து தனியா வச்சுட்டு சர்வீஸுக்கு குடுங்க. எண்ணெய் கை பட்டு பட்டு நம்பர் ஸ்டிக்கர் அழிஞ்சிரும், மேல செல்லோ டேப் ஒட்டிக்குங்க, இல்லன்னா 6ம் நம்பர் பார்சல் 9க்கு போயிரும்.