சூடானதும் நின்றுபோகும் பழைய எஞ்சின்: மேக்னெட்டோவில் கை வைக்குமுன் டேங்க் மூடியைப் பாருங்கள்

கேள்வி: சில மாதங்களுக்கு முன் பழைய லிஸ்டர் டி எஞ்சின் ஒன்று வாங்கினேன். பெட்ரோலில் ஓடும் ஒற்றை சிலிண்டர். துரு நீக்கி, பெயின்ட் அடித்து, வீட்டுப் பட்டறையிலேயே ஓடவும் வைத்துவிட்டேன். ஹேண்டிலை ஒரு சுற்று சுற்றினாலே பிடித்துக்கொள்கிறது. ஆனால் கால்மணி நேரம் ஓடியதும் தடுமாறி நின்றுவிடுகிறது. அரைமணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. எஞ்சினை வாங்கித் தந்த தரகர், “மேக்னெட்டோ போய்விட்டது, காயிலை ரீவைண்ட் செய்து காந்தமும் ஏற்ற வேண்டும், கொடுங்கள், நானே அனுப்பி வாங்கித் தருகிறேன்” என்கிறார். கொடுக்கலாமா? தண்ணீர்த் தொட்டியில் ஆவி பறப்பதும் இதனால்தானா?

பதில்: கொடுக்க வேண்டாம். இப்போதைக்குக் கண்டிப்பாக வேண்டாம். நீங்கள் எழுதியதில் மேக்னெட்டோ (காந்தத்தையும் காயில் என்ற கம்பிச் சுருளையும் கொண்டு பிளக்குக்குத் தீப்பொறி தரும் கருவி) கெட்டுவிட்டது என்பதற்கு ஒரு ஆதாரமும் இல்லை. தரகரின் வாய்ச்சொல் மட்டும்தான் இருக்கிறது.

ஆவி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். திறந்த தண்ணீர்த் தொட்டி வைத்த எஞ்சினில் தண்ணீர் கொதிக்கத்தான் செய்யும். கொதித்து ஆவியாவதில்தான் சூடு வெளியேறுகிறது. குறையக் குறைய ஊற்றிக்கொண்டிருங்கள், போதும். தொட்டி வற்றிப்போய் எஞ்சின் சுட்டுக்கொண்டிருக்கும்போது மட்டும் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும்.

இனி நின்றுபோகும் கதை. “பெயின்ட் அடித்தேன்” என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், என் சந்தேகம் அங்கேதான். டேங்க் மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு காற்றுத் துளை இருக்கும். பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று அதன் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். அழகாக இரண்டு கை பெயின்ட் அடித்ததில் அந்தத் துளை அடைபட்டுப் போயிருந்தால், டேங்குக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வெற்றிடம் சேர்ந்து, ஒரு கட்டத்தில் பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். எஞ்சின் தடுமாறி நிற்கும். நீங்கள் ஆறவிடும் அரைமணி நேரத்தில் மூடியின் வாஷர் இடுக்கு வழியே காற்று மெதுவாகக் கசிந்து உள்ளே போய்விடும். மறுபடி ஓடும். பார்க்கிறவருக்கு எல்லாம் சூட்டின் வேலை மாதிரியே தெரியும். உண்மையில் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இதைக் கண்டுபிடிக்க எஞ்சினை ஓட்டக்கூட வேண்டாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாத வெளியிடத்தில், கார்புரேட்டரில் சேரும் பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு தகர டப்பாவுக்குள் விடுங்கள். டேங்க் மூடி இறுக்கமாக மூடியே இருக்கட்டும். டேங்கின் டேப்பைத் திறந்து சும்மா பார்த்துக்கொண்டிருங்கள். ஆரம்பத்தில் சீராக விழும் பெட்ரோல் மெலிந்து, நூலாகி, சொட்டுச் சொட்டாக ஆகிறதா? இப்போது மூடியைத் தளர்த்துங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போய், பெட்ரோல் மறுபடி சீராக விழ ஆரம்பித்தால் உங்கள் வியாதி தெரிந்துவிட்டது. மருந்து ஒரு ஊசி. மூடியைத் தளர்த்தியும் சொட்டுதான் என்றால் அநேகமாக டேங்குக்குள் துருச் செதில் இருக்கிறது. அது பெட்ரோலோடு இழுபட்டு வந்து வாயை அடைக்கும், ஓட்டம் நின்றதும் விலகி அடியில் படியும். இதுவும் ஆறினால் ஓடும் எஞ்சினைத்தான் தரும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. டேங்க் நிறைய ஊற்றி ஓட்டும்போது சீக்கிரம் நின்று, பாதி இருக்கும்போது அதிக நேரம் ஓடினால், காற்றுத் துளைதான் குற்றவாளி. நிறைந்த டேங்கில் மேலே இருக்கும் காற்று கொஞ்சம் என்பதால் வெற்றிடம் சீக்கிரம் உண்டாகிறது. மேக்னெட்டோவுக்கு டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது.

டேங்கைப் பற்றிப் பேசும்போதே ஒன்று. உள்ளே பூசி மூடும் ‘டேங்க் சீலர்’ எதையாவது யாராவது தலையில் கட்டப் பார்ப்பார்கள். துருவை முழுக்க எடுக்காமல் பூசினால் அது தோலாக உரிந்து நேரே கார்புரேட்டரின் ஜெட் என்ற நுண்துளைக்குப் போகும். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்த உரிதலுக்குக் கூடத் துணை செய்யும். பெட்ரோலில் எத்தனால் கலக்கச் சொல்லி விதி எழுதினவர்கள் பழைய எஞ்சின் என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே யோசிக்கவில்லை. பம்பில் எத்தனால் அளவைக் காட்டும் ஒரு எண்ணை ஒட்டியதோடு கடமை முடிந்தது. பழைய ரப்பர் குழாய் ஊறிப் பிசுபிசுக்கும். தக்கை மிதவை உள்ள கார்புரேட்டர்களில் தக்கை மேல் பூசிய அரக்கு கரையும், ஏனென்றால் அரக்கு ஆல்கஹாலில் கரையும் பொருள். கரைந்த அரக்கு எங்கே போய் உட்காரும் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால், ஓட்டி முடித்ததும் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள்.

சரி, பெட்ரோல் தடையில்லாமல் வருகிறது, ஆனாலும் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது நின்ற அந்த நிமிடத்தில் செய்ய வேண்டியது இருக்கிறது. ஆறின பிறகு பார்த்துப் பயனில்லை. பெட்ரோல் டேப்பை அடைத்துவிட்டு ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அமுங்கும் காற்றின் அழுத்தம்) எதிர்க்காமல் லேசாகச் சுற்றினால் வால்வு சூட்டில் பிடித்துக்கொண்டிருக்கலாம், அல்லது வால்வு இடைவெளி போதாமல் இருக்கலாம். அது வேறு வேலை, கடினமானதும் இல்லை. கம்ப்ரஷன் இருந்தால் பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, பற்றவைக்க ஆள் வரவில்லை.

நனைந்திருந்தால் கையோடு நல்ல பிளக் ஒன்றை வயரில் மாட்டி, அதன் உடம்பு எஞ்சின் இரும்பில் படும்படி வைத்துச் சுற்றுங்கள். பிளக் துளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். நீல நிறத்தில் கொழுத்த தீப்பொறி ‘சட்சட்’டென்று அடித்தால் மேக்னெட்டோ நன்றாக இருக்கிறது. உங்கள் பழைய பிளக்கின் பீங்கானில்தான் கீறல் இருக்கலாம். மஞ்சளாக, மெல்லிசாக, விட்டுவிட்டு வந்தால் அப்போதுதான் மேக்னெட்டோ மீது சந்தேகப்படலாம். வயர் முனையைக் காற்றில் தூரப் பிடித்து “எவ்வளவு தூரம் தாவுகிறது பார்” என்று வேடிக்கை காட்டுபவர்களை மட்டும் பட்டறைக்குள் விடாதீர்கள். தாவ வழியில்லாத மின்சாரம் காயிலின் இன்சுலேஷனைத் துளைத்துக்கொண்டு போகும். நல்ல மேக்னெட்டோ இப்படித்தான் கெட்ட மேக்னெட்டோ ஆகிறது.

அப்போதும் முதலில் சந்தேகப்பட வேண்டியது காயிலை அல்ல, கண்டென்சரை: காயிலின் மின்சாரத்தை வெட்டும் தொடுமுனைகளான பாயின்ட் திறக்கும்போது அங்கே பொறி பறக்காமல் தாங்கும் சின்னப் பாகம். அந்தக் காலத்தில் மெழுகு தோய்த்த காகிதத்தை ஈயத் தாளோடு சுருட்டிச் செய்வார்கள். பல பத்தாண்டுகளில் ஈரம் ஏறி, சூடானதும் உள்ளேயே கசிய ஆரம்பிக்கும். பாயின்ட் மூடியைத் திறந்து, மங்கலான வெளிச்சத்தில் ஒருவரைச் சுற்றச் சொல்லிப் பாருங்கள். பாயின்ட் இடைவெளியில் பளீரென்று நீலமாக எரிந்தால் அநேகமாகக் கண்டென்சர் போய்விட்டது. மல்டிமீட்டரை வைத்துச் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். அது சில வோல்ட் கொடுத்துப் பார்க்கிறது, பாயின்ட் திறக்கும்போது கண்டென்சர் தாங்குவது சில நூறு வோல்ட். பழையதை முழுக்கத் துண்டித்துவிட்டு, 0.2 மைக்ரோஃபாரட் அளவில், 630 வோல்ட்டோ அதற்கு மேலோ தாங்கும் பாலிப்ரொப்பிலீன் கண்டென்சர் ஒன்றைப் போடுங்கள். பழையதை அப்படியே விட்டுப் பக்கத்தில் புதியதைச் சேர்த்தால் கசிவு இருந்தபடியே இருக்கும். பாயின்ட் இடைவெளி 0.3 மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கட்டும்.

இனி உங்கள் தரகர். காந்தம் ஏற்ற வேண்டும் என்று அவர் சொன்னதே போதும். காந்தம் பலவீனமாக இருந்தால் குளிர்ந்த எஞ்சின் ஒரு சுற்றில் பிடிக்குமா? அரைமணி நேரம் ஆறினதும் பலம் திரும்பி வருகிற காந்தத்தை நான் கேள்விப்பட்டதில்லை. இந்த வியாபாரத்தில் நடப்பது இதுதான்: மேக்னெட்டோ பெட்டியில் போகும், கண்டென்சர் மட்டும் மாறும், ரீவைண்டிங் என்று கணக்கு வரும். சில சமயம் போனது ஒன்றாகவும் வந்தது வேறொன்றாகவும் இருக்கும். அனுப்பினால் மேக்னெட்டோவின் உடம்பில் உள்ள வரிசை எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பழைய காயிலைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். தர மாட்டேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். “நீங்கள் திறந்திருந்தால் எடுக்க மாட்டோம்” என்று அதட்டும் பட்டறைகள்கூட, தாங்கள் திறந்தபோது என்ன கண்டோம், சூடாக்கிச் சோதித்தோமா என்று ஒரு வரி எழுதித் தருவதில்லை. ஒரு பேட்டரிக்குக்கூட உத்தரவாதச் சீட்டு தருகிறார்கள். இந்தத் தொழிலில் மட்டும் கேட்டால் கோபம் வருகிறது.

நீங்கள் பெட்ரோல் மட்டும் ஊற்றுவதாகச் சொன்னாலும், மண்ணெண்ணெயில் ஓடும் வகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பார்ப்பதற்கு உங்களுடையது போலவே இருப்பதை வைத்திருக்கும் பலர் இதைப் படித்துவிட்டுத் தப்பான இடத்தில் தேடுவார்கள். அந்த எஞ்சின்களைப் பெட்ரோலில் கிளப்பி, நன்றாகச் சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அவசரப்பட்டு மாற்றினால் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் திரவமாகவே சிலிண்டருக்குள் போகும். பிளக் நனையும், எஞ்சின் நிற்கும், மேலே சொன்ன சோதனையில் “நனைந்திருக்கிறது, எனவே தீப்பொறி இல்லை” என்ற தப்பான பதில் கிடைக்கும். தீப்பொறி நன்றாகவே இருக்கும். நிறுத்துவதிலும் இதே கதைதான்: நிறுத்தப் போகும் சில நிமிடங்களுக்கு முன் பெட்ரோலுக்குத் திருப்பி, கார்புரேட்டரில் இருக்கும் மண்ணெண்ணெய் தீரும்வரை ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த நாள் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெயை வைத்துக்கொண்டு ஹேண்டிலோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, அடியில் எஞ்சின் எண்ணெய் நிற்கும் சம்ப்பில் இறங்குவதுதான் எல்லாவற்றையும் விட மோசம். எண்ணெய்க் குச்சியில் மட்டம் குறையாமல் ஏறும். “பரவாயில்லையே, எண்ணெயே குடிக்கவில்லை” என்று சந்தோஷப்படாதீர்கள். விரலில் தொட்டு முகருங்கள், மண்ணெண்ணெய் வாடை வரும், எண்ணெய் தண்ணீராக ஓடும். உடனே வடித்துப் புது எண்ணெய் ஊற்றாவிட்டால் பேரிங் போய்விடும். லிஸ்டரில் பெயர்த்தகட்டைப் பாருங்கள். டி என்று மட்டும் இருந்தால் பெட்ரோல், டிகே என்றிருந்தால் மண்ணெண்ணெய் வகை. தகடு மாற்றி அடித்து விற்பதும் நடக்கிறது என்பதால் கார்புரேட்டரையும் ஒருமுறை பாருங்கள்.

கண்டென்சர் மாற்றியும் சூட்டில் தீப்பொறி மங்கினால் காயில்தான். அதைக்கூட உறுதி செய்துகொண்டே அனுப்பலாம். கழற்றிய மேக்னெட்டோவை ஹேர் டிரையரால், கையால் தொட்டால் சுடும் அளவுக்கு மட்டும் சூடாக்கிச் சுற்றிப் பாருங்கள். அடுப்பில் வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் அரக்கும் கீலும் உருகி ஓடும். காயில் அசையாமல் காந்தம் சுழலும் லூகாஸ் எஸ்ஆர்1 மாதிரியானவற்றில் இந்த வேலையெல்லாம் சுலபம். காந்தம் வெளியே குதிரை லாடமாக இருந்து, காயில் நடுவில் சுழலும் பழைய வகை என்றால் கண்டென்சரும் அந்தச் சுழலும் பாகமான ஆர்மேச்சருக்குள்ளேயே இருக்கும். அதைப் பிரிக்கும்போது லாடத்தின் இரண்டு கால்களையும் சேர்த்து ஒரு மெல்லிரும்புத் துண்டைப் போட்டுவிட்டுத்தான் ஆர்மேச்சரை வெளியே இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் காந்தம் நிஜமாகவே பலவீனமாகி, தரகர் சொன்னது பலித்துவிடும்.

எந்த வகையானாலும் மேக்னெட்டோவை எஞ்சினிலிருந்து எடுக்குமுன், பிணைந்திருக்கும் பற்களில் ஆணியால் ஒரு குறி போட்டு வையுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் ஹேண்டில் திருப்பி அடிக்கலாம். முதல் முறை கிளப்பும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடித்து, ஹேண்டிலைக் கீழிருந்து மேலே இழுங்கள். மேலிருந்து கீழே அழுத்தாதீர்கள்.