பதில்: அரை வாலி அடித்தால் பந்து கோட்டைத் தாண்டிப் போகிறது

கிரிக்கெட்ல அரை வாலி (தரையில குத்தி எழும்பின உடனே அடிக்கிற பந்து) வந்தா வெளுத்து வாங்குவேன், டென்னிஸ்ல அதே பந்து கோட்டுக்கு வெளியே பறக்குதுன்னு கேட்டிருக்கீங்க. பேர் ஒண்ணுதான், வேலை வேற. கிரிக்கெட்ல அது பந்துவீச்சாளர் செஞ்ச தப்பு; குத்தின இடத்துலயே, பந்து திரும்புறதுக்குள்ள அடிச்சிடலாம். டென்னிஸ்ல உங்க காலடியில விழவெச்சது எதிராளியோட சாமர்த்தியம். மாட்டினது நீங்க.

அதனால மட்டையைப் பின்னால இழுக்காதீங்க. குத்தின பந்து தானாவே மேல ஏறிக்கிட்டு இருக்கும்; அதுமேல வீச்சையும் சேர்த்தா வெளியதான் போகும். மட்டையோட முகத்தை நேரா, வேகமான பந்துக்கு ஒரு நூல் கவிழ்த்து, மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சா போதும், வேகம் பந்துலயே இருக்கு. முழங்காலை நல்லா மடக்குங்க, பின்காலோட முட்டி தரையை உரசுற அளவுக்கு. இடுப்பை மட்டும் வளைச்சா மட்டையோட தலை தொங்கிடும், முகம் வானத்தைப் பார்க்கும். உங்க சிக்கல் பெரும்பாலும் இதுதான்னு நினைக்கிறேன்.

பயிற்சிக்கு சர்வீஸ் கோட்டுல (வலைக்கும் பின்கோட்டுக்கும் நடுவுல இருக்கிற கோடு) நின்னு, நண்பரை உங்க பாதத்துக்கு மெதுவா பந்து போடச் சொல்லுங்க. காதைத் தீட்டிக்கோங்க: பந்து தரையில குத்துற சத்தமும் மட்டை நரம்புல படுற சத்தமும் 'டடப்'னு ஒட்டிக் கேட்கணும். 'டப்... டப்'னு இடைவெளி விட்டா தாமதம்.

2015-ல டென்னிஸ் வீரர் ஃபெடரர் எதிராளியோட இரண்டாவது சர்வீஸையே முன்னால ஓடிவந்து இப்படி எடுத்தாரு. அதைப் பார்த்து இப்பவே இறங்கிடாதீங்க!